கட்டணம் கட்டுவது நாங்கள்; மார்க்கை மட்டும் ஏன் காட்ட மறுக்கிறார்கள்?

நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒரு தாயின் கடிதம் இது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருடைய மகனுக்கு 19 வயது. இங்கேயே பிறந்து வளர்ந்தவன். வேறு மாநிலத்தில் உள்ள ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வெளிமாநில மாணவன் என்பதால் கட்டணம், டார்ம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 50,000 டாலருக்கு மேல் போகிறது. டிசம்பர் விடுமுறைக்கு வந்தவன் ஆளே இளைத்திருந்தான். பகல் முழுக்கத் தூக்கம். பரீட்சை எப்படி என்று கேட்டால் "ஓகேம்மா" என்பதோடு சரி. ஜனவரியில் பில் வந்தபோது, முந்தைய செமஸ்டர்களில் கழிந்துகொண்டிருந்த 4,000 டாலர் ஸ்காலர்ஷிப்பைக் காணவில்லை. பதறிப்போய், மாணவர்களின் ரெக்கார்டுகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தைக் கூப்பிட்டார். "உங்கள் மகனின் அனுமதி இல்லாமல் எதுவும் பேச முடியாது, ஃபெர்பா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அட்வைசருக்கு அனுப்பிய மெயிலுக்கும் இதே பதில்தான்.

அதற்கிடையில் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்த ஒரு தாளில், மகன் அங்கே ஒரு மனநல கிளினிக்குக்கு இரண்டு முறை போயிருப்பது தெரிந்தது. கிளினிக்கைக் கூப்பிட்டால் அவர்களும் பேச மறுக்கிறார்கள். கணவரோ, "அவனுடைய சோஷியல் செக்யூரிட்டி எண், பிறந்த தேதி எல்லாம் நம்மிடம் இருக்கிறது, பாஸ்வேர்டை மாற்றி உள்ளே போய்ப் பார்த்துவிடலாம். அவர்களே தப்பாக மார்க் போட்டிருந்தால் கேஸ் போடலாம்" என்கிறார். டெக்சஸில் எம்.எஸ். படிக்கும் தன் மகனைப் பற்றி மதுரையில் இருக்கும் அக்காவும் இதே கேள்வியைக் கேட்கிறாராம்.

கடிதத்தின் கடைசியில் இப்படி எழுதியிருக்கிறார்: "பெற்ற தாய் நான். என்னிடம் பேசக் கூடாது என்று ஒரு சட்டமா? நாளைக்கு அவனுக்கு ஏதாவது ஆனால்கூட சொல்ல மாட்டார்களா?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவன் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்றால் கல்லூரி உங்களிடம் சொல்லலாம். சட்டம் தடுக்கவில்லை. அதோடு, இன்றைக்கே அந்தக் கல்லூரியைக் கூப்பிட்டு உங்கள் கவலையைச் சொல்லவும் எந்தத் தடையும் கிடையாது. இதை எப்படிச் செய்வது என்று கீழே விவரமாக எழுதுகிறேன். மார்க், ஸ்காலர்ஷிப் எல்லாம் இதற்குப் பிறகுதான். இளைத்துப்போனதும், பகலில் தூங்குவதும், கிளினிக்குக்குப் போனதும்தான் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டவை.

இந்தச் சட்டம் யாருக்காக வந்தது?

ஃபெர்பா என்று அவர்கள் சொன்னது 1974-இல் வந்த குடும்பக் கல்வி உரிமைகள் மற்றும் தனியுரிமைச் சட்டம். நியூயார்க் செனட்டர் ஜேம்ஸ் பக்லி கொண்டுவந்தார் என்பதால் பக்லி திருத்தம் என்றும் சொல்வார்கள். பெற்றோரை வெளியே நிறுத்துவதற்காக வந்த சட்டம் இல்லை இது. உண்மையில் பெற்றோருக்காகவே வந்தது. அதற்கு முன்பு, பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்களும் அதிகாரிகளும் எழுதிவைத்த குறிப்புகள் பள்ளி ஃபைலில் கிடக்கும். பெற்றவர்கள் கேட்டால் காட்ட மாட்டார்கள், வெளியாட்கள் கேட்டால் கொடுப்பார்கள். அந்த நிலையைத்தான் இந்தச் சட்டம் மாற்றியது. ஃபைலைப் பார்க்கும் உரிமை, தவறு இருந்தால் திருத்தச் சொல்லும் உரிமை, வெளியாருக்குக் கொடுப்பதற்கு முன் சம்மதம் கேட்கச் சொல்லும் உரிமை, இந்த மூன்றையும் பெற்றோருக்குக் கொடுத்தது. பத்தாவது படிக்கும் உங்கள் மகளின் பள்ளி ரெக்கார்டுகளை நீங்கள் கேட்டுப்பாருங்கள். 45 நாளுக்குள் காட்டியாக வேண்டும். அங்கே உங்களுக்குக் கைகொடுப்பதும் இதே ஃபெர்பாதான்.

ஆனால் பிள்ளைக்கு 18 வயது ஆனதும், அல்லது 18-க்கு முன்பே கல்லூரியில் சேர்ந்துவிட்டால் சேர்ந்த நாளிலேயே, இந்த உரிமைகள் மொத்தமும் பிள்ளையின் கைக்குப் போய்விடுகின்றன. 17 வயதில் கல்லூரிக்குப் போகிறவருக்கும் இதே கதைதான். கட்டணத்தை யார் கட்டுகிறார்கள் என்று சட்டம் பார்ப்பதில்லை. கல்வித் துறையிடம் நிதி வாங்கும் எல்லா நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். நடைமுறையில் உங்களுக்குத் தெரிந்த கல்லூரி, பல்கலைக்கழகம் எல்லாமே அதில் அடங்கும்.

நம் ஊரில் கல்லூரியிலிருந்து வீட்டுக்குத் தபாலில் மார்க் ஷீட் வரும். வருகை குறைந்தால் அப்பாவை அழைத்து வரச் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் வந்த நமக்கு இது அவமானமாகத் தெரிவது இயல்பு. ஃபோனில் பேசிய பெண்ணும் உங்களை அலட்சியப்படுத்தவில்லை. உங்கள் மகன் கையெழுத்துப் போட்ட தாள் அவர் முன்னால் இல்லை, அவ்வளவுதான்.

இதே சட்டம் உங்களையும் காப்பாற்றுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நிதி உதவிக்காக உங்கள் சம்பளம், சேமிப்பு விவரங்களைக் கல்லூரியிடம் கொடுத்திருப்பீர்கள். உங்கள் மகன் தன் ஃபைலைப் பார்க்கக் கேட்டாலும் பெற்றோரின் அந்த நிதி விவரங்களைப் பார்க்கும் உரிமை அவனுக்கு இல்லை.

வரித் தாளை வைத்துக் கேட்கலாமா?

கேட்கலாம். பலருக்கும் தெரியாத ஒரு வழி இது. வருமான வரிச் சட்டத்தின் 152-ஆவது பிரிவின்படி மகன் உங்களைச் சார்ந்திருப்பவன் என்றால், அவன் சம்மதம் இல்லாமலேயே பெற்றோருக்குக் கல்லூரி ரெக்கார்டுகளைக் காட்டலாம் என்று ஃபெர்பா விலக்கு கொடுத்திருக்கிறது. பொதுவாக 24 வயதுக்கு உட்பட்டு, வருடத்தில் ஐந்து மாதமாவது முழுநேரம் படித்து, தன் செலவில் பாதிக்கு மேல் தானே பார்த்துக்கொள்ளாத பிள்ளை இதில் வருவான். உங்கள் வருமான வரிப் படிவமான 1040-இல் அவன் பெயரைக் காட்டியிருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா, அம்மா இருவரில் யார் காட்டியிருந்தாலும் போதும்.

ஆனால் ஒன்று. இணையத்தில் இதை அரைகுறையாகப் படித்துவிட்டு, "வரித் தாளைக் காட்டினால் கொடுத்தே ஆக வேண்டும்" என்று என்னிடம் வருகிறவர்கள் நிறைய. அது தவறு. காட்டலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. முடிவு கல்லூரியின் கையில். சில கல்லூரிகள் வரிப் படிவத்தின் முதல் பக்கத்தை வாங்கிக்கொண்டு மார்க்கைச் சொல்லிவிடும். தொகைகளை அடித்து மறைத்துவிட்டே அனுப்பலாம். வேறு சில கல்லூரிகள், எது எப்படியிருந்தாலும் மாணவர் கையெழுத்துத்தான் வேண்டும் என்பார்கள். அப்படி மறுப்பதும் சட்டப்படி சரியே. உங்கள் மகனின் பல்கலைக்கழகம் எந்த வகை என்பது ரெஜிஸ்ட்ரார் அலுவலகப் பக்கத்தில் ஃபெர்பா என்ற தலைப்பில் இருக்கும். மாணவர்களுக்கு வருடாவருடம் அவர்களுடைய உரிமைகளை அறிவிக்க வேண்டியது கல்லூரியின் கடமை.

வழி திறந்திருந்தாலும், மகனிடம் கேட்பதற்கு முன்னால் அதில் போக வேண்டாம் என்பது என் கருத்து. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பாஸ்வேர்டை மாற்றும் யோசனை

உங்கள் கணவரின் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். முதல் தடவையே நுழைய முடியாது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் உள்ளே போவதற்கு மகனின் ஃபோனுக்கு டுயோ மாதிரி ஒரு செயலியில் அனுமதி கேட்டு வரும். நள்ளிரவில், தன் பெயரில் யாரோ உள்ளே நுழையப் பார்க்கிறார்கள் என்று அவன் ஃபோன் துடிக்கும். பாஸ்வேர்டு மாறியதும் அவனால் அசைன்மென்ட் சமர்ப்பிக்க முடியாமல் போகும். சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கொடுத்து அவன்போல நடித்துக் கணக்கைத் திறப்பது, அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவது என்ற குற்றத்தின் எல்லையைத் தொடுகிறது. மகனே பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தாலும் பல்கலைக்கழக விதிப்படி அது தவறு, மாட்டிக்கொள்வது அவன்தான்.

இவ்வளவு ஆபத்தை விலைக்கு வாங்கத் தேவையும் இல்லை. அநேகமாக எல்லா மாணவர் போர்ட்டலிலும் பெற்றோருக்கு என்று தனி நுழைவு கொடுக்கும் வசதி இருக்கிறது. நீங்கள் இப்போது பில்லைப் பார்ப்பதே அப்படித்தான். முதலாம் ஆண்டில் அவன் உங்களைக் கட்டணப் பக்கத்துக்கு அனுமதித்திருக்கிறான். அதே பக்கத்தில் மார்க், ஸ்காலர்ஷிப், கிரெடிட் எண்ணிக்கை ஆகியவற்றுக்கும் எதிரே சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். அவன் டிக் செய்தால் போதும்.

இன்ஷூரன்ஸ் தாளும் கிளினிக்கும்

26 வயது வரை பிள்ளையை உங்கள் இன்ஷூரன்ஸில் வைத்திருக்கலாம். கணக்கு உங்கள் பெயரில் இருப்பதால் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று ஒரு தாள் உங்களுக்கு வருகிறது. அதனால் மருத்துவரிடம் கேட்கும் உரிமையும் வந்துவிட்டது என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். அப்படி வராது. வெளியே உள்ள கிளினிக் என்றால் மருத்துவத் தனியுரிமைக்கான ஹிப்பா சட்டம் அவனைக் காக்கிறது. கல்லூரிக்குள்ளேயே இருக்கும் கவுன்சலிங் மையமாக இருந்தால், சிகிச்சைக்காக மட்டும் வைத்திருக்கும் குறிப்புகள் கல்வி ரெக்கார்டு என்ற கணக்கிலேயே சேராது. அதனால், நான் மேலே சொன்ன வரித் தாளைக் காட்டினாலும் அந்தக் குறிப்புகள் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சகோதரி, அந்தத் தாளைப் பார்த்து நீங்கள் பயந்தது இயல்புதான். எனக்கு அதில் ஆறுதல் தெரிகிறது. 19 வயதுப் பையன், யாரும் சொல்லாமல், தானாகவே ஒரு கிளினிக்கைத் தேடி இரண்டாம் தடவையும் போயிருக்கிறான். நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் இந்த இடத்துக்கு வந்து சேர்வதே இல்லை. அம்மா அங்கே ஃபோன் செய்து கேட்டாள் என்று தெரிந்தால் மூன்றாவது முறை போகாமல் விட்டுவிடுவான். அதுதான் என் பயம். கிளினிக்கை இனி கூப்பிடாதீர்கள். அந்தத் தாளை அவன் முன்னால் நீட்டி விசாரிக்கவும் வேண்டாம்.

கல்லூரியிடம் நீங்கள் பேசலாம்

ஃபெர்பா கட்டிப்போடுவது ரெக்கார்டுகளை வெளியிடுவதைத்தான். நீங்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க எந்த ஊழியருக்கும் தடையில்லை. இது ஊழியர்களிலேயே சிலருக்குத் தெரிவதில்லை. அதனால் யாரைக் கூப்பிடுகிறோம் என்பது முக்கியம். ரெஜிஸ்ட்ராரை விடுங்கள். டீன் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். மாணவர்களைப் பற்றிய கவலைகளை வாங்கிக்கொள்ளவே அங்கே ஒரு குழு இருக்கும், பெரும்பாலும் கேர் டீம் என்ற பெயரில். இப்படி ஆரம்பியுங்கள்:

"என் மகனைப் பற்றி எதுவும் எனக்குச் சொல்ல வேண்டாம். நான் பார்த்ததை உங்களிடம் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

இந்த இரண்டு வரியைக் கேட்டதும் எதிர்முனையில் இருப்பவரின் குரலே மாறும். பிறகு எடை குறைந்தது, தூக்கம், பேச்சு குறைந்தது என்று நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். கிளினிக் விஷயம் வேண்டாம். யாராவது அவனை நேரில் பார்த்துப் பேச முடியுமா என்று கேளுங்கள். பார்த்தாயிற்றா என்பதைக்கூட உங்களிடம் சொல்ல மாட்டார்கள். சொல்லாவிட்டாலும் பார்ப்பார்கள்.

ஊழியர் தன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது, அதாவது ரெக்கார்டிலிருந்து எடுக்காதது, ஃபெர்பாவுக்குள் வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். "வகுப்பில் சோர்வாக இருக்கிறான்" என்று ஒரு பேராசிரியர் உங்களிடம் சொன்னால் அது சட்ட மீறல் ஆகாது. சொல்லச் சொல்லி வற்புறுத்த முடியாது என்பது வேறு விஷயம்.

இனி நிஜமான ஆபத்து. 2007 ஏப்ரலில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். அதை விசாரித்த குழு, அவனைப் பற்றிய எச்சரிக்கைகள் ஆளாளுக்குத் தெரிந்திருந்தும், தனியுரிமைச் சட்டங்களைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை என்று எழுதியது. அடுத்த ஆண்டே ஃபெர்பா விதிகளைத் திருத்தினார்கள். ஒரு மாணவருக்கோ மற்றவர்களுக்கோ எடுத்துச் சொல்லக்கூடிய, கணிசமான ஆபத்து இருப்பதாகக் கல்லூரி கருதினால், பெற்றோர் உட்படத் தேவையான யாருக்கும் தகவல் கொடுக்கலாம். சூழ்நிலையை முழுசாகப் பார்த்து நியாயமாக முடிவெடுத்திருந்தால் கல்வித் துறை அந்த முடிவில் தலையிடாது. 21 வயதுக்குக் கீழே உள்ள மாணவர் மது, போதைப்பொருள் விதியை மீறியதாகக் கல்லூரி முடிவு செய்தாலும் பெற்றோரிடம் சொல்லலாம். இரண்டிலும் 'சொல்லலாம்' என்பதுதான். கட்டாயமில்லை.

ஒருநாள் முழுக்க ஃபோன் எடுக்கவில்லை, உங்கள் மனதுக்குச் சரியாகப் படவில்லை என்றால் கல்லூரி வளாகப் போலீஸைக் கூப்பிட்டு, டார்ம் அறைக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். வெல்ஃபேர் செக் என்பார்கள். தயங்காமல் கேட்கலாம். மனநெருக்கடிக்கான 988 என்ற எண் 2022 ஜூலையிலிருந்து நாடு முழுக்க இயங்குகிறது. அவன் மட்டுமில்லை, அவனைப் பற்றிக் கவலைப்படும் நீங்களும் அதில் கூப்பிட்டு என்ன செய்வது என்று கேட்கலாம்.

கேஸ் போடலாமா?

போட முடியாது. ஃபெர்பாவை மீறினார்கள் என்று தனிநபர் வழக்குப் போட முடியாது என்று கொன்சாகா பல்கலைக்கழக வழக்கில் 2002-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கல்வித் துறையிடம் 180 நாளுக்குள் புகார்தான் கொடுக்கலாம். அதையும் உங்கள் மகன்தான் கொடுக்க வேண்டும். இங்கேயோ கல்லூரி எந்தச் சட்டத்தையும் மீறவில்லை.

மார்க் தப்பாக இருந்தால்? ரெக்கார்டைத் திருத்தச் சொல்லும் உரிமை எழுத்துப் பிழை, பதிவுப் பிழை மாதிரியானவற்றுக்குத்தான். 'பி' வாங்கியவனுக்கு 'டி' என்று பதிவாகியிருந்தால் கேட்கலாம். பேராசிரியர் குறைத்து மதிப்பிட்டார் என்ற சண்டைக்கு இந்தச் சட்டம் வராது. அதற்கு ஒவ்வொரு கல்லூரியிலும் தனி மேல்முறையீட்டு வழி உண்டு.

4,000 டாலர் எங்கே போனது?

இதற்கு யாருடைய ரெக்கார்டும் தேவையில்லை. அட்மிஷன் சமயத்தில் வந்த ஸ்காலர்ஷிப் கடிதத்தைத் தேடி எடுங்கள். உங்கள் மெயிலிலேயே இருக்கும். ஜிபிஏ, அதாவது சராசரி மார்க், எவ்வளவு இருக்க வேண்டும், எத்தனை கிரெடிட் எடுக்க வேண்டும், எப்போது சரிபார்ப்பார்கள் என்று எழுதியிருக்கும். பல கல்லூரிகளில் ஜிபிஏ-வை வருடக் கடைசியில்தான் பார்ப்பார்கள். வருட நடுவில் பணம் நின்றால், அவன் ஒரு பாடத்தை விட்டு முழுநேர அளவுக்குக் கீழே போயிருக்கலாம், அல்லது ஏதோ ஒரு படிவம் நிரப்பாமல் கிடக்கலாம். ஃபெயிலாகிவிட்டான் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

பிறகு நிதி உதவி அலுவலகத்தைக் கூப்பிட்டு, மகன் பெயரைச் சொல்லாமல், "இந்த ஸ்காலர்ஷிப் வருட நடுவில் எந்தெந்தக் காரணத்துக்கு நிற்கும்? திரும்பப் பெற முறையீடு உண்டா? கடைசி நாள் எது?" என்று பொதுவாகக் கேளுங்கள். விதியைச் சொல்வது யாருடைய ரெக்கார்டையும் காட்டுவதாகாது என்பதால் தாராளமாகச் சொல்வார்கள். உடல்நலம், மனநலம் காரணமாகப் படிப்பு தடுமாறியவர்களுக்குப் பெரும்பாலும் முறையீட்டு வழி இருக்கும். கடைசித் தேதியைத் தவறவிட்டால்தான் கஷ்டம். அந்தத் தேதியை மட்டும் அவனுக்கு ஒரு மெசேஜில் அனுப்பிவையுங்கள்.

மகனிடம் கேட்பது

வரித் தாள் வழியில் இப்போது போக வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். அவனுக்குத் தெரியாமல் மார்க்கை வாங்கிவிட்டால், அடுத்த ஃபோனில் உங்களிடம் ஜிபிஏ இருக்கும், அவன் இருக்க மாட்டான். அவனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அவன் உங்களோடு உட்கார்ந்துவிட்டான் என்று அர்த்தம்.

கேட்கும்போது மொத்தமாகக் கேட்காதீர்கள். எந்த ரெக்கார்டு, எதற்காக, யாருக்கு என்று மூன்றையும் குறிப்பிட்டு, தேதி போட்டுக் கையெழுத்திடுவதுதான் ஃபெர்பா சம்மதம். பல கல்லூரிகளில் ஆன்லைனிலேயே முடிந்துவிடும். ஆகவே கட்டணம், ஸ்காலர்ஷிப், படிப்பில் நல்ல நிலையில் இருக்கிறானா என்பது, இந்த மூன்றுக்கு மட்டும் கேளுங்கள். ஒழுங்கு நடவடிக்கை, பேராசிரியர்களோடு பேசுவது எல்லாம் அவனிடமே இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் இதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். வெளியே வர வழி இருக்கிறது என்று தெரிந்தால் உள்ளே வரத் தயங்க மாட்டான்.

"கையெழுத்துப் போடாவிட்டால் பணம் கட்ட மாட்டேன்" என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்வதற்குச் சட்டத்தில் தடையில்லை. பல குடும்பங்களில் முதலாம் ஆண்டு தொடங்கும் முன்பே இப்படி ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள், அதில் தவறும் இல்லை. ஆனால் இந்த ஜனவரியில், இந்த நிலையில் இருக்கும் பிள்ளையிடம் அதைச் சொல்லாதீர்கள். "ஸ்காலர்ஷிப் வரலை, எவ்வளவு ஆனாலும் பார்த்துக்கலாம்டா, என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லு" என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு வார இறுதியில் நீங்கள் மட்டும் போய், சாப்பிட வெளியே கூட்டிப்போய்க் கேளுங்கள். கணவர் இரண்டாவது முறை வரட்டும்.

அதே பயணத்தில் இன்னொரு வேலையையும் முடித்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் மார்க்கைவிட இதுதான் முக்கியம். 18 வயதுக்கு மேற்பட்டவர் மருத்துவமனையில் பேச முடியாத நிலையில் கிடந்தால், அவருக்காக முடிவெடுக்கப் போவது யார் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவப் பிரதிநிதிப் படிவம் ஒன்று உண்டு. அதோடு ஒரு ஹிப்பா அனுமதிப் படிவம். ஃபெர்பா சம்மதம் இந்த இரண்டுக்கும் பயன்படாது. படிவமும் சாட்சி விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் நியூ ஜெர்சிக்கு ஒன்று, அவன் படிக்கும் மாநிலத்துக்கு ஒன்று என்று எழுதிவைப்பது நல்லது. நீங்களும் கணவரும் உங்களுடையதையும் அன்றைக்கே எழுதுங்கள். அப்போது அவனை மட்டும் குறிவைத்துக் கேட்டதாகத் தோன்றாது.

மதுரை அக்காவுக்கு

அக்கா மகன் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கிறார். ஃபெர்பாவில் குடியுரிமை பார்ப்பதில்லை, அவருக்கும் உங்கள் மகனுக்கும் ஒரே உரிமைதான். ஆனால் பெற்றோர் மதுரையில் இருக்கிறார்கள், அமெரிக்க வரிக் கணக்கில் மகனைக் காட்டுவதில்லை. அதனால் வரித் தாள் வழி அக்காவுக்குக் கிடையாது. மகன் கொடுக்கும் சம்மதம் ஒன்றுதான் வழி. ஆபத்து நேரத்து விலக்கு அவருக்கும் பொருந்தும், வெளிநாட்டுப் பெற்றோர் என்பது ஒரு தடையில்லை.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. எஃப்-1 மாணவர் முழுநேரப் படிப்பிலிருந்து விலகினால், பெற்றோருக்குச் சொல்லாத அதே கல்லூரி, செவிஸ் என்ற அரசு அமைப்பில் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். அதற்கு மாணவரின் தனிச் சம்மதம் தேவையில்லை. உடல்நிலை சரியில்லை, பாடத்தைக் குறைக்க வேண்டும் என்றால், குறைப்பதற்கு முன்னால் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் டி.எஸ்.ஓ. எனப்படும் அதிகாரியின் அனுமதியை வாங்க வேண்டும். மருத்துவக் காரணத்துக்கு அதற்கு வழி இருக்கிறது. முதலில் குறைத்துவிட்டுப் பிறகு போய் நின்றால் விசா நிலையே போய்விடும். உங்கள் அக்கா மகனிடம் மார்க்கைக் கேட்டு வாதாட வேண்டாம். சர்வதேச மாணவர் அலுவலகத்தின் எண், கூடத் தங்கியிருக்கும் ஒரு நண்பரின் எண், அவசரத் தொடர்பாகக் கல்லூரியில் யார் பெயரைக் கொடுத்திருக்கிறார் என்பது, இந்த மூன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவசரத் தொடர்பில் மதுரை எண்ணோடு உங்கள் எண்ணையும் சேர்த்துவிட்டால், டெக்சஸிலிருந்து நள்ளிரவில் கூப்பிட்டாலும் எடுக்க ஒருவர் இங்கே இருப்பார்.